சேக் பரீது மறந்த சொல்

ஜெராமிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாகச் சுங்கை புரோங் வரை போகிற பஸ்ஸில் பதினொரு வருடமாகக் கண்டக்டராக இருந்தவர் சேக் பரீது. டிக்கெட் கிழிப்பது அவர் வேலை. ஆனால் சடக்கு என்று அவர்கள் சொல்கிற அந்தச் சாலை நெடுக இருக்கிற தோட்டத்து ஜனங்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். சேதி கொண்டுபோவதுதான் பாயின் வேலை, வழியில் கை சும்மா இருக்கக் கூடாதென்று டிக்கெட்டும் கிழிக்கிறார் என்பார்கள்.

அது எண்பத்து நான்காம் ஆண்டு. தோட்டத்தில் டெலிபோன் என்றால் ஆபீசில் ஒன்று, மானேஜர் பங்களாவில் ஒன்று. ஆபீஸ் கணக்கெழுதுகிற பெரிய கிராணி முன்னால் போய் நின்று, "ஐயா, எங்கக்கா கிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்று கேட்க லயத்து வரிசை வீட்டு ஜனங்களுக்கு நா எழாது. கடிதம் போட்டால் நான்கு நாள். பஸ்ஸோ தினமும் போய்ப் போய் வருகிறது. ஆகவே முக்கில் நின்று கை காட்டுவார்கள். பஸ் நின்றால் ஏற மாட்டார்கள். "பாய், தென்னந்தோட்டத்துல எங்க சித்தப்பா கிட்ட, அம்மாவுக்குக் காய்ச்சல் நின்னுருச்சின்னு சொல்லிடுங்க" என்பார்கள். டிரைவர் அர்ஜுனன் பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சினை உறும விடுவார். சேக் பரீது அவசரப்படாமல் சட்டைப் பையிலிருந்து, அட்டையில் 555 என்று போட்ட குட்டி நோட்டை எடுத்து, சொன்னவர் பேர், கேட்க வேண்டியவர் பேர், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதிக்கொண்டுதான் மணியடிப்பார்.

வாங்கிய சொல்லை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். "என் கிட்ட சொல்றது அமானிதம். நம்பிக் கொடுத்த பொருள்ல கை வைக்கக் கூடாது" என்பார். ஒருமுறை ஒரு பெரியவர், "என் மருமவன் இருக்கானே, அந்தக் கழுதை கிட்ட என் மண்வெட்டியைத் திருப்பித் தரச் சொல்லுங்க" என்று சொல்லி விட்டார். சேக் பரீது அந்த மருமகன் முன்னால் போய் நின்று நோட்டைப் பிரித்து, மண்வெட்டியோடு கழுதையையும் சேர்த்தே இறக்கி வைத்தார். மறுநாளே மண்வெட்டி திரும்பி வந்தது என்பது வேறு விஷயம்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்து மூன்று வயதில் அவர் கோல சிலாங்கூரில் மாமா மதார் சாகிபுவின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். வாப்பா நாகூரில் இருந்தார். ஒரு நாள் தந்தி வந்தது. மதார் சாகிபு வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லையாம்" என்றார். மருமகன் ஒரேயடியாக இடிந்து போகக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். சேக் பரீது இரண்டு நாள் அலைந்து டானிக்கும் கம்பளிச் சால்வையும் வாங்கி, கப்பலில் ஊருக்குப் போகிற ஒருவரைத் தேடிப் பிடித்தார். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, தந்தியில் இருந்தது மௌத்துச் செய்தி என்று. அடக்கமே முடிந்துவிட்டிருந்தது. இறந்துபோன தகப்பனுக்கு மருந்து தேடி அலைந்த அந்த இரண்டு நாளை அவரால் மன்னிக்கவே முடியவில்லை. கடையை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு வந்தது அதனால்தான். ஒருவர் சொல்லை இன்னொருவர் இளக்கிக் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கு மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

வருடக்கணக்காக ஊரார் சொல்லைச் சுமந்தால் யாருக்கும் கொஞ்சம் யோசனை வரும். மனிதர்கள் வாயைத் திறந்து என்னதான் செய்கிறார்கள் என்று அவர் கவனிக்க ஆரம்பித்தார். அவர் கையிலிருந்த டிக்கெட் கட்டுகளில் தூரத்துக்கு ஒரு நிறம் உண்டு. அதே நிறங்களைச் சேதிகளுக்கும் போட்டார். காய்ச்சல் நின்றது தகவல், அது வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை வந்து கூரையைப் பார்த்துக் கொடுக்கச் சொல்வது வேண்டுகோள், அது பச்சை. வேலை வாங்குகிற மண்டோர் சொல்லி விடுவதெல்லாம் கட்டளை, அது சிவப்பு. "நாளைக்குப் பெரட்டுக்கு வர உனக்கு இஷ்டமா?" என்று காலை ஆள் எண்ணிக்கைக்குக் கூப்பிடுவதை மண்டோர் கேள்வி மாதிரி கேட்டாலும் அது சிவப்புதான். இஷ்டமில்லை என்று பதில் சொன்னவன் எந்தத் தோட்டத்திலும் கிடையாது. வாக்குக் கொடுத்தால் மஞ்சள்.

கொஞ்ச நாளில் நிறம் போதவில்லை. "பார்க்கலாம்" என்பதை எந்தக் கட்டில் வைப்பது? பெண் கேட்டு வந்தவர்களிடம் சொன்னால் அது மறுப்பு, அதே மனிதர் பந்து விளையாடக் கூப்பிட்டவனிடம் சொன்னால் சம்மதம். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்பா" என்று தொடங்குகிறவர் அரை மணி நேரம் சொல்கிறார். "எதுக்குச் சிரமம்" என்கிறவர் கையை நீட்டிக்கொண்டே சொல்கிறார். சேக் பரீது இதையெல்லாம் முன் சீட்டருகே நின்று பேசப் பேச, "பாய், நீங்க டிக்கெட் கிழிக்கிறதைவிட பேச்சைக் கிழிக்கிறதுதான் அதிகம்லா" என்பார் அர்ஜுனன்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவர் நிறமே போடவில்லை. அது "பசியாறிட்டீங்களா?" காலையில் ஏறுகிற அத்தனை பேரும் அதைக் கேட்பார்கள். பதிலுக்கு நிற்காமல் உட்கார இடம் தேடிப் போய்விடுவார்கள். பாஸ் வைத்திருக்கிற பள்ளிப் பிள்ளைகளைப் போல அது டிக்கெட் இல்லாமலே ஏறி இறங்குகிற சொல் என்று விட்டுவிட்டார்.

அவர் மனைவி ஹமீதாவுக்கு இந்த வகை பிரிப்பில் துளியும் மரியாதை கிடையாது. "சீனி தீர்ந்து போச்சுன்னு நான் சொன்னா அது என்ன நிறம்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வெள்ளை. தகவல்தானே."

"தகவல்னு கேட்டுட்டுச் சும்மா இருந்து பாருங்க. நாளைக்கு வெறுந் தேத்தண்ணிதான்."

அன்று சாயங்காலம் அவர் சீனி வாங்கி வந்தார். வாங்கி வந்தாரே தவிர, வெள்ளையை மாற்றவில்லை.

இனி நவமணியின் கதைக்கு வருவோம். ஜெராமுக்கு இந்தப் பக்கம் ஏழாங்கட்டை தோட்டத்தில் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைக்கு மருந்தடிக்கிறவள் நவமணி. அவள் புருஷன் வாசு அங்கேயே பழம் வெட்டுகிறவன். அவளுக்கு ஒரே அண்ணன் சிவானந்தம். அவர் தஞ்சோங் காராங் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் கொப்பரைச் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் போன பிறகு மிச்சமிருந்த உறவு இந்த இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை.

காரணம் ஓர் அழைப்பு. சிவானந்தத்தின் மகள் சமைந்தபோது அத்தைதான் வந்து முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். சொந்தத்தை அழைப்பதென்றால் வீட்டுக்கே போய், வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் "வாங்க" என்று சொல்ல வேண்டும். சிவானந்தத்துக்குச் சூளையில் ஆள் போதவில்லை, லீவும் கிடைக்கவில்லை. ஏழாங்கட்டைக்குப் போகிற ஒரு லோரிக்காரரிடம், "தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாசு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "லோரிக்காரன் வாயால கூப்பிட்டா போறதுக்கு நாம என்ன மூட்டையா?" என்றான். நவமணியும் அதையே பிடித்துக்கொண்டாள், போகவில்லை. அத்தை நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து லயத்துப் பெண் நின்று தண்ணீர் ஊற்றினாள். அந்தக் காட்சி சிவானந்தத்தின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தென்னந்தோட்டம் முதல் ஏழாங்கட்டை வரை எல்லோருக்கும் இது தெரியும். சேக் பரீதுக்கும் தெரியும்.

நவம்பர் மூன்றாம் தேதி நவமணி முக்கில் நின்று கை காட்டினாள்.

"பாய், தென்னந்தோட்டத்துல எங்கண்ணன் கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சேக் பரீது நோட்டை எடுத்தார். "சொல்லும்மா."

"பதினெட்டாந்தேதி ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்து. எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல. பன்னெண்டு மணிக்கு எமகண்டம் வந்துரும், அதுக்குள்ள குத்தணும். அதைச் சொல்லிடுங்க."

"அவ்வளவுதானா?"

அவள் பஸ் சக்கரத்தைப் பார்த்தாள். "அவ்வளவுதான்" என்றாள்.

சேக் பரீது எழுதி வெள்ளை என்று போட்டுக்கொண்டார். தேதி, இடம், நேரம். இதைவிட வெள்ளையான வெள்ளை இருக்க முடியாது.

மறுநாள் காலை சிவானந்தத்தைப் பார்த்துச் சொன்னார். சிவானந்தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகு நேரமாயிற்று.

"வேற ஏதும் சொல்லிச்சா?"

"இல்லண்ணே. அவ்வளவுதான்."

"நல்லபடியா நடக்கட்டும்னு சொல்லிடுங்க பாய்."

அதையும் அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் கொண்டுபோய்க் கொடுத்தார். நவமணியின் முகம் சுருங்கியது. "வேற ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்டாள். அண்ணன் கேட்ட அதே கேள்வி. இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களே என்று அவருக்குப் பட்டது. பட்டதே தவிர, அது அவர் சுமக்க வேண்டிய சரக்கில் இல்லை. மணியை அடித்துவிட்டார்.

பதினேழாம் தேதி மாலை சாப்பிடும்போது பேச்சுவாக்கில் இதை ஹமீதாவிடம் சொன்னார். அவள் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நாளைக்கா? அவங்கண்ணன் போறாரா?"

"கூப்பிட்டாத்தானே போவாரு. தேதியைத்தான் சொல்லி விட்டுச்சு."

"பொட்டப்புள்ள காது குத்துறதுக்குத் தாய்மாமன் மடி வேணும். தேதி சொல்லி விட்டா வேற எதுக்குச் சொல்லி விடும்? காலண்டர்ல குறிச்சு வைக்கவா?"

"வரச் சொல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே அது."

"எப்படிச் சொல்லும்? சொல்லி விட்ட அழைப்பு அழைப்பே இல்லைன்னு மூணு வருசமா வீம்பு பிடிச்ச புள்ள, இப்ப அதே மாதிரி சொல்லி விட முடியுமா? நேர்ல போக புருஷன் விடுவானா? அதால சொல்ல முடிஞ்சது தேதிதான். நீங்க அதை வெள்ளைக் கட்டுல சொருகிட்டு வந்துட்டீங்க."

"அமானிதத்துல நான் கை வைக்க முடியாது, ஹமீதா."

"கை வைக்க வேணாம். கொடுத்ததை முழுசாக் கொடுத்தீங்களான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிறு காலை முதல் டிரிப். இரவெல்லாம் மழை பெய்து, இன்னும் முழுசாக விடியவில்லை. தென்னந்தோட்டத்து முக்கில் சிவானந்தம் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் சிவப்புத் துணி மூடிய தாம்பாளம். பஸ் நின்றது. அவர் ஏறவில்லை.

"ஏழாங்கட்டையிலேருந்து ஏதும் சொல்லி விட்டாங்களா பாய்?"

"இல்லண்ணே."

"சரி சரி. சும்மாதான் கேட்டேன். நீங்க போங்க."

ஒரு மணி நேரம் கழித்து ஏழாங்கட்டை. விடியற்காலையில் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, கோயிலில் இருக்க வேண்டிய நவமணி சடக்கோரம் நின்றாள். இறங்கிய இரண்டு பேரைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள்.

"யாரைம்மா தேடுறே?"

"யாரையும் இல்ல பாய். மாலை கொண்டு வர்றவரு வரணும்."

ஜெராமில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போது அர்ஜுனன் பேச்சை எடுத்தார். "அந்தாளு தட்டோட அங்க நிக்கிறாரு. இந்தப் புள்ள இங்க நிக்குது. நடுவுல நாம ரெண்டு பேரும் எதுக்கு ஓடிக்கிட்டு இருக்கோம்லா?"

"சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

"என்னைக் கேக்காதீங்க. எனக்கு ஸ்டியரிங் மட்டும்தான் தெரியும்" என்று சொல்லி அர்ஜுனன் எழுந்து போனார்.

திரும்பி வரும்போது சிவானந்தம் அதே இடத்தில் இருந்தார். தூறலில் சட்டையின் தோள் நனைந்திருந்தது. தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக் குனிந்து நின்றார், துணி நனையாமலிருக்க. இந்தத் தடவை அவர் கை காட்டவில்லை, எதுவும் கேட்கவில்லை. பஸ் அவரைக் கடந்து போயிற்று. அவர் கேட்காமல் விட்டதுதான் சேக் பரீதைக் குத்தியது.

சுங்கை புரோங்கில் பயணிகள் இறங்கிய பிறகு காலியான பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். பதினைந்து நாளைக்கு முன் எழுதிய வரி அப்படியே இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. மாமா தந்தியை மடித்து வைத்துக்கொண்டதுபோல்தானே தானும் செய்திருக்கிறோம் என்று தோன்றியது. மாமா வார்த்தையை மாற்றினார். தான் வார்த்தையை மாற்றவில்லை. ஆனால் இரண்டிலும் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேரவில்லை. வேறெதுவும் சொன்னாங்களா என்று இரண்டு வாய் கேட்டபோது இல்லை என்று சொன்னது தான்தான்.

பயமும் இருந்தது. வரச் சொன்னதாக இவர் சொல்லி, அவர் போய் இறங்கி, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று அந்தப் பெண் சொல்லிவிட்டால்? சிவானந்தம் ஏழாங்கட்டை ஜனங்கள் முன்னால் அழையா விருந்தாளியாக நிற்பார். அப்புறம் இந்த ஜென்மத்தில் அண்ணன் தங்கை இல்லை. பதினொரு வருடம் காப்பாற்றிய தன் பேரும் அங்கேயே போய்விடும்.

ஒன்பதரை மணிக்கு மேல் பஸ் தென்னந்தோட்டத்து முக்கை அடைந்தது. சேக் பரீது நிற்கும் முன்பே படியிலிருந்து இறங்கினார்.

"அண்ணே, ஏறுங்க."

"எதுக்கு?"

"உங்க தங்கச்சி உங்களை வரச் சொன்னாங்க."

சிவானந்தம் அவரையே பார்த்தார். "எப்ப?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. காலையில் கேட்டதற்கு இல்லை என்று சொல்லியாயிற்று. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் முதல் பொய்யோடு நின்றுவிடலாம் என்றுதான் நினைப்பான். அது தனியாக வருவதில்லை.

"அன்னைக்கே சொன்னாங்க, தேதி சொன்னப்பவே. அதை நான் உங்க கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

பஸ் முழுக்க ஆள். எல்லோரும் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மறந்துட்டீங்களா?" என்றார் சிவானந்தம். "பதினஞ்சு நாளா நான் தூங்கல பாய். தோடு வாங்கி வச்சிக்கிட்டு, ஒரு வார்த்தை வராதான்னு காத்துக்கிட்டுக் கிடக்கேன். மறந்துட்டேன்னு சாதாரணமாச் சொல்றீங்களே. காலையிலகூடக் கேட்டேனே."

"தப்பு என் மேலதான். ஏறுங்கண்ணே, நேரமாவுது."

ஏறினார். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சேக் பரீது டிக்கெட்டைக் கிழித்தபோது அது குறுக்கே கிழிந்தது. பின் சீட்டில் இருந்த வள்ளியம்மா பக்கத்துப் பெண்ணிடம், "பாயே மறக்க ஆரம்பிச்சுட்டாரா" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. கோல சிலாங்கூரில் நான்கு பேர் ஏறினார்கள். நான்கு பேருக்கும் அந்த விஷயம் உடனே சொல்லப்பட்டது.

ஏழாங்கட்டையில் நவமணி நின்றாள். பக்கத்தில் வாசு. "நேரமாச்சு, வா. ஐயாவு அண்ணன் மடியில உக்கார வச்சிடலாம்" என்று அவன் இழுத்துக்கொண்டிருந்தது பஸ் நிற்கும்போதே கேட்டது. ஐயாவு அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர். சிவானந்தம் தாம்பாளத்தோடு இறங்கினார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். சேக் பரீது படியில் நின்று மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

"பாய் கிட்ட வரச் சொல்லி விட்டிருந்தியாமே" என்றார் சிவானந்தம், மைல் எழுதிய கட்டைக்கல்லைப் பார்த்துக்கொண்டு. "அவரு மறந்துட்டாராம். இன்னைக்குத்தான் சொன்னாரு."

வாசு பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். "நீ சொல்லி விட்டியா?"

நவமணி சேக் பரீதைப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அல்லாவே என்று மட்டும் மனசுக்குள் சொன்னார்.

"ஆமா" என்றாள் நவமணி. வாசுவிடம் சொல்லவில்லை, அண்ணனிடம்தான் சொன்னாள். "நாந்தான் சொல்லி விட்டேன். நீங்க லோரிக்காரர் கிட்ட சொல்லி விட்டீங்க, நான் பஸ்காரர் கிட்ட சொல்லி விட்டேன். அன்னைக்கு நான் வந்திருக்கணும்ணே."

சிவானந்தம் ஓரடி முன்னால் வந்தார். தாம்பாளத்தைத் தங்கையிடம் நீட்டினார். இரண்டு கையும் அதில் மாட்டிக்கொண்டதால் அவள் அழுத கண்ணைத் தோளில்தான் துடைத்துக்கொள்ள முடிந்தது. வாசு கொஞ்ச நேரம் சடக்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "வாங்க மச்சான், எமகண்டம் வந்துரும்" என்று முன்னால் நடந்தான். மூன்று பேரும் செம்பனைக்கு நடுவே போகிற செம்மண் பாதையில் போனார்கள். காது குத்து பதினொன்றேகாலுக்கு நடந்ததாகவும், பிள்ளை மாமன் சட்டையை ஈரமாக்கிவிட்டதாகவும் பிற்பாடு தெரிந்தது.

சேக் பரீதின் பேர் போனது போனதுதான். மறுவாரத்திலிருந்து முக்கில் நின்று கை காட்டுகிறவர்கள் குறைந்தார்கள். ஒருத்தி சேதி சொல்லி விட வேறு பஸ்ஸுக்காக வெயிலில் நின்றாள், இவர் பஸ் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வள்ளியம்மா ஏறும்போதெல்லாம், "பாய் கிட்ட சொன்னா பதினஞ்சு நாள் ஆவும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். மதார் சாகிபு கடைக்கு வந்த யாரோ சொல்லி மாமாவுக்கும் விஷயம் எட்டிவிட்டது. "இவ்வளவு பேசினியே, நீயும் ஒரு நாள் சறுக்குனே பாத்தியா" என்று சிரித்தார். சேக் பரீது பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் கடையில் உட்கார்ந்து மாமா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

அர்ஜுனனுக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் சொல்லிடவா பாய், நடந்தது என்னான்னு?" என்றார்.

"சொன்னா அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மறுபடி நான் வந்து நிப்பேன். விடுங்க."

சொல்வது சுலபம். உள்ளே வலித்தது. பையிலிருந்த நோட்டு பல நாள் வெறுமையாகவே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னதை எந்த நிறத்தில் எழுதுவது என்றும் அவருக்குப் புரியவில்லை. பொய் என்று எழுதலாம் என்றால், அந்தப் பெண் "ஆமா" என்று சொன்ன பிறகு அது பொய்யும் இல்லை. கடைசியில் எழுதாமலே விட்டார்.

டிசம்பரில் ஒரு காலை, ஏழாங்கட்டையில் நவமணி ஏறினாள். ஜெராம் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறாள். காது குத்துக்குப் பிறகு அவள் இந்தப் பஸ்ஸில் ஏறுவது அதுதான் முதல் தடவை. கூட்டம் இருந்தது, வள்ளியம்மாவும் இருந்தாள். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுச் சேக் பரீது அடுத்தவரிடம் நகரப் போனார்.

"பசியாறிட்டீங்களா பாய்?"

வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டுப் போக இருந்தவர் நின்றார். அவள் இடம் தேடிப் போகவில்லை. பஸ் குலுங்கிற்று. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி, பதிலுக்காக நின்றாள். அத்தனை பேர் நடுவில் அவளால் வேறெதையும் சொல்லியிருக்க முடியாது.

"பசியாறிட்டேம்மா" என்றார் சேக் பரீது.

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.